கோசுமல்லி தண்ணீர் விடாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: ராமநவமிக்குப் பாசிப்பருப்பு கோசுமல்லி செய்யணும். காலையில் கலந்து வைத்தால் மதியத்துக்குள் வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டு சொதசொதன்னு ஆயிடுது. மேலே மொறுமொறுப்பா எதைத் தூவலாம்?

பதில்: உப்புதான் காரணம்ங்க, காயிலிருக்கிற நீரை இழுத்துடும். விதைச் சதையை ஸ்பூனால் வழிச்சுட்டு நறுக்குங்க. உப்பு பரிமாறும்போது மட்டும். 1 மணி நேரம் ஊறின பருப்பு நகத்தால் கிள்ளினா உடையணும், ஒட்ட வடிச்சுடுங்க. எங்க வீட்டில் கடுகு, பெருங்காயம், பச்சை மிளகாய் தேங்காய் எண்ணெயில் தாளிச்சு, கிளிமூக்கு மாங்காயைப் பொடியா நறுக்கிப் போடுவோம். அந்தப் புளிப்பு இருந்தா எலுமிச்சையே வேண்டாம்!

பதில்: வறுத்த வேர்க்கடலையைத் தோல் நீக்கி ஒன்றிரண்டா இடிச்சு, இலையில் வைத்தபிறகு தூவுங்க. முன்னாடியே போட்டா நமுத்துடும்.

கேட்டவர்: ரொம்ப நன்றி. மாதுளை முத்து சேர்க்கலாமா?

பதில்: தாராளமா. கடைசியா போடுங்க, இல்லேன்னா தேங்காய்த் துருவல் சிவந்துடும்.