லாட்டரிக் காசு உங்கள் பகுதிக்கு வந்ததா? பிரிட்டனில் உள்ளவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டரம் கடைக்காரன்

இங்கே கடை வைத்திருப்பவர்களுக்குச் சனிக்கிழமை ஏழு மணி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஏழரைக்கு லாட்டரி விற்பனை மூடும். அதற்குள் வரிசை கதவைத் தாண்டிவிடும்.

என் கடை கவுண்டி டரமில், நிலக்கரிச் சுரங்கம் மூடி முப்பது வருடம் கடந்த ஓர் ஊரில். போன மாதம் அந்த வரிசையில் ஒரு பெரியவர் வந்தார். சுரங்கத்தில் வேலை செய்தவர், எப்போதும் அதே ஆறு எண்கள்தான் எடுப்பார். இரண்டு பவுண்டையும் பத்துப் பென்ஸ், இருபது பென்ஸ் நாணயங்களாக எண்ணி வைத்தார். கடைசி நாணயத்தின் மேல் வைத்த விரலை எடுக்காமலே கேட்டார்: "94-ல் தொடங்கிய நாளிலிருந்து வாங்குகிறேன். ஒரு பங்கு நல்ல காரியத்துக்குப் போகிறது என்கிறார்கள். அதில் இந்த ஊருக்கு எவ்வளவு வந்தது?"

பதினொரு வருடமாக லொத்தர் விற்கிறேன். ஒரு பவுண்டுக்கு எனக்கு ஐந்து பென்ஸ் கமிஷன், அரசுக்கு 12 பென்ஸ் வரி. அதெல்லாம் தெரியும். அவர் கேட்டது தெரியவில்லை. "தெரியாது" என்றேன். விரலை எடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த விரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். டிக்கெட் எங்கே விற்றது என்பதற்கும் பணம் எங்கே போகிறது என்பதற்கும் தொடர்பே இல்லை. நல்ல காரியப் பணம் எல்லாம் ஒரே குவியலாகச் சேருகிறது. அதில் 40 சதவீதம் சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல், தொண்டு வேலைகளுக்கு. விளையாட்டு, கலை, பாரம்பரியம் மூன்றுக்கும் தலா 20. அப்புறம் ஒவ்வொன்றையும் பங்கிட அமைப்புகள் இருக்கின்றன, அவை விண்ணப்பம் பார்த்துக் கொடுக்கின்றன. அதாவது கேட்டவனுக்குத்தான் கிடைக்கும். சுரங்கம் மூடிய ஊரில் கணக்காளரும் வக்கீலும் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டரும் எத்தனை பேர் இருப்பார்கள்? 1998-லேயே நிலக்கரிப் பகுதிகளுக்கான பணிக்குழு இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. உங்கள் பகுதியில் என்ன நடந்தது? எழுதுங்கள்.

ஈஸ்ட்ஹாம் செல்வி

எங்களுடையது முதியோருக்கான மதியச் சாப்பாட்டுக் குழு. மாதத்தில் இரண்டு செவ்வாய், வாடகை ஹால். சின்னத் தொகைக்கான படிவத்தை நான்தான் நிரப்பினேன். அதில் ஒரு நிபந்தனை உண்டு, போட்டவர்களுக்குத் தெரியும்: கமிட்டியில் குறைந்தது இரண்டு பேராவது ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களாக இருக்க வேண்டும், வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுபவர்களும் அப்படியே.

ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, "தலைவரும் பொருளாளரும் உறவா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மனசறிந்து பொய் சொல்லவில்லை. "அப்படியென்றால் எப்படிப் பழக்கம்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "இவருடைய மகளை அவருடைய மகன் கட்டியிருக்கிறார்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும், ஆனால் எனக்கு முகம் சுட்டது. சம்பந்தி என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இல்லை. சொல் இல்லாததால் அவர்களுடைய கணக்கில் அது உறவே இல்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை, ஆளை மாற்றிவிட்டு வாருங்கள் என்றார். கையெழுத்து மாற்ற வங்கிக்கு நான்கு மாதம் பிடித்தது. அதற்குள் எங்கள் செவ்வாய்க்கிழமையை வேறொரு குழு எடுத்துக்கொண்டது.

டரம் அண்ணா சொல்வது சுரங்க ஊருக்கு மட்டும் இல்லை. 2019-ல் பாரம்பரிய நிதி அமைப்பு, இதுவரை குறைவாகப் பெற்ற பகுதிகள் என்று நாடு முழுக்க 13 இடங்களைக் குறித்தது. நியூஹாம் அதில் ஒன்று, பிரெண்ட் இன்னொன்று. நியூஹாமில்தான் ஈஸ்ட் ஹாம், பிரெண்டில்தான் வெம்பிளி! தமிழ்ச் சனம் நிறைந்த இரண்டு இடங்கள்.

யார்க்‌ஷயர் நர்ஸ்

டரம் அண்ணா, கேட்டவனுக்குத்தான் கிடைக்கும் என்பது முழுக்கச் சரியில்லை. லாட்டரிப் பணத்தில் நடந்த பிக் லோக்கல் திட்டத்தை விட்டுவிட்டீர்கள். இங்கிலாந்தில் 150 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது பத்து லட்சம் பவுண்டு, பத்து வருடத்துக்கு மேல் செலவழிக்கலாம் என்று இருந்தது. யாரும் படிவம் போட்டுப் போட்டியிடவில்லை. முன்பு லாட்டரி நிதியும் மற்ற நிதியும் சரியாகப் போய்ச்சேராத இடங்களைப் பார்த்து 2010-லிருந்து 2012-க்குள் மூன்று சுற்றில் லாட்டரி நிதி அமைப்பே தேர்ந்தெடுத்தது. எதற்குச் செலவழிப்பது என்று அங்கே குடியிருப்பவர்கள்தான் முடிவு செய்தார்கள், கவுன்சில் இல்லை.

நான் வாடகைக்கு இருந்த தெரு அப்படி ஒரு பகுதிக்குள் இருந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் அறிவிப்பைப் பார்த்து ஒரு கூட்டத்துக்குப் போனேன். தேநீர் கொடுத்தார்கள், ஓட்டும் கொடுத்தார்கள். வந்து ஆறு மாதம்கூட ஆகாதவனுக்கு ஓட்டா என்று நான் தயங்கினேன். மேடு ஏறும் பாதையில் ஒரு பெஞ்ச் போடுவதா, இளைஞர் பணியாளர் ஒருவரை வேலைக்கு எடுப்பதா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். வீட்டுச் செருப்போடு வந்திருந்த ஒரு பாட்டி எழுந்து, "பத்து வருடத் திட்டம் என்கிறீர்கள். பத்து வருடம் நான் இருக்க மாட்டேன். எனக்குப் பாதி மேட்டில் உட்கார இடம் வேண்டும், இந்த வருடமே" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் பெஞ்சுக்குக் கை தூக்கினேன். இளைஞர் பணியாளர்தான் தேவை என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை.

மான்செஸ்டர் மோகன்

150 இடம் சரி நர்ஸ் தம்பி. 151-ஆவது இடத்தில் இருப்பவன் என்ன செய்வான்? ஒரு தெருவுக்கு இந்தப் பக்கம் பத்து லட்சம், அந்தப் பக்கம் சுழியம்.

நான் 1998-ல் படிக்க வந்தேன். ஓல்டாமில் ஓர் அம்மா வீட்டில் அறை. ஒரு சாயங்காலம் தொலைக்காட்சியில் லண்டன் கோவென்ட் கார்டனில் இருக்கும் ராயல் ஆப்பெரா ஹவுஸைக் காட்டினார்கள். இடித்துப் புதுப்பிக்கிறார்கள், மேலே கிரேன்கள். லாட்டரிப் பணம் 7 கோடியே 85 லட்சம் பவுண்டு. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்து, "அது என் பவுண்டு" என்றார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. அந்த மூன்று சொல்தான். திரும்பவும் துணி மடித்தார். வாழ்நாளில் ஆப்பெரா பார்த்தவர் இல்லை, லண்டனுக்கே இரண்டு தடவைதான் போயிருக்கிறார்.

இந்தக் காசு ஏழை வீட்டிலிருந்து லண்டனுக்குப் போகிறது என்பதுதான் விஷயம். மற்றதெல்லாம் பூச்சு.

ஈஸ்ட்ஹாம் செல்வி

மோகன் அண்ணா, லண்டன் என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். கோவென்ட் கார்டன் எனக்கு எவ்வளவு தூரமோ உங்கள் ஓல்டாம் அம்மாவுக்கும் அவ்வளவு தூரம்தான். ரயிலில் அரை மணி நேரம் என்பதால் அது என்னுடையதாகிவிடாது.

2012 ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். லாட்டரியிலிருந்து ஏறக்குறைய 220 கோடி பவுண்டு. அதில் 42 கோடியே 50 லட்சம், சிறு தொண்டுக் குழுக்களுக்குக் கொடுக்கும் நிதியிலிருந்து 2007-ல் திருப்பிவிட்டது. நாடு முழுக்கத் தொண்டு அமைப்புகள் அதைத் திருப்பிக் கேட்டுப் போராடின. ஸ்டேடியம் நின்றது எங்கள் பரோவில், அதாவது நியூஹாம் கவுன்சில் பகுதியில். எங்கள் குளியலறை ஜன்னலில் அந்த வெளிச்சம் தெரியும். அது நியூஹாமுக்கு வந்த காசு என்று யாராவது கணக்கு எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கட்டடம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதாது, உள்ளே யார் போகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

ஹாரோ பொருளாளர்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு முதல் தடவை மறுத்தார்கள், இரண்டாவது தடவை கொடுத்தார்கள். மறுத்த கடிதத்தை நான் மூன்று வருடம் பையிலேயே வைத்திருந்தேன். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் மேலே எழுதியவர்கள் எல்லாரும் சண்டை போடுகிறார்களே தவிர வழி சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

முதலில், பதிவுபெற்ற அறக்கட்டளையாக இருந்தால்தான் கிடைக்கும் என்று நம் ஆட்கள் பாதிப்பேர் நினைக்கிறார்கள். தேவையில்லை. எழுதி ஒப்புக்கொண்ட விதிமுறை, கமிட்டி, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் சின்ன நிதிக்குப் போடலாம். இங்கிலாந்தில் 'அவார்ட்ஸ் ஃபார் ஆல்' முன்பு 10,000 பவுண்டு வரை கொடுத்தது, 2023 கடைசியிலிருந்து 20,000 வரை. குறைந்தது 300. முந்நூறு பவுண்டுகூடக் கேட்கலாம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? செல்வி தங்கச்சி, சம்பந்தி விஷயம் பாடம்தான். ஒரே வீட்டில் குடியிருப்பவர்களும் கூடாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அஞ்சல் குறியீடு. இங்கிலாந்தை 33,755 சின்னத் துண்டுகளாகப் பிரித்து, எது எவ்வளவு வறுமைப்பட்டது என்று 2025-ல் வரிசைப்படுத்திய அரசுப் பட்டியல் உண்டு. உங்கள் பரோ மொத்தமாகப் பார்த்தால் வசதியாகத் தெரியும். ஹாரோ அப்படித்தான். உங்கள் ஹால் இருக்கும் துண்டு, உங்கள் பிள்ளைகள் வரும் துண்டு அந்த வரிசையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அஞ்சல் குறியீட்டை வைத்துப் பார்த்து அந்த எண்ணை எழுதுங்கள். மோகன் தம்பிக்கும் செல்விக்கும் நடக்கிற வாக்குவாதத்துக்கும் இதுதான் பதில். நகரப் பெயரை வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை, தெருவைப் பாருங்கள்.

மூன்றாவது, கோயில். கோயில் நடத்தும் வகுப்புக்குக் கொடுப்பார்கள், பூஜைக்குக் கொடுக்க மாட்டார்கள். படிவத்தில் இரண்டையும் கலந்து எழுதாதீர்கள். எங்களுக்கு முதல் தடவை அதில்தான் வழுக்கியது.

கடைசியாக, உங்கள் கவுன்சில் பகுதியில் தொண்டுக் குழுக்களுக்கு உதவும் அலுவலகம் ஒன்று இருந்தால் முதலில் அங்கே போங்கள். படிவத்தைக் காசில்லாமல் படித்துப் பார்த்துத் திருத்தித் தருவார்கள். நன்கொடை எழுத்தர் என்று சொல்லிக்கொண்டு கமிஷன் கேட்பவரிடம் போகாதீர்கள்.

லெஸ்டர் பேத்தி

ஹாரோ மாமா, நல்ல தகவல்தான். ஆனால் இதை எல்லாம் செய்யக்கூடியவர்கள் உள்ள ஊருக்குத்தான் காசு போகிறது என்றுதானே முதல் பதிவே சொல்கிறது? பட்டியல் பார், எண் எழுது, அலுவலகத்துக்குப் போ என்று சொல்ல நீங்கள் ஹாரோவில் இருக்கிறீர்கள். அந்தச் சுரங்கப் பெரியவருக்கு யார் இருக்கிறார்கள்?

எங்கள் அம்மம்மாவின் தையல் குழுவுக்கு நான் பதினாறு வயதில் படிவம் நிரப்பினேன். வேறு ஆள் இல்லை. 'அவுட்கம்' என்று ஓர் இடம் இருந்தது. எனக்கே விளங்கவில்லை. அம்மம்மாவிடம், "இந்தக் காசு வந்தால் என்ன மாறும்?" என்று கேட்டேன். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "வியாழக்கிழமை நான் யாரோடாவது கதைப்பேன்" என்றார். அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு தையல் மெஷினும் ஒரு வருட ஹால் வாடகையும் கிடைத்தது.

அந்த வருடம் அந்தக் குழுவில் அம்மம்மாவோடு பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேருக்கும் சேர்த்து ஆங்கிலம் எழுதத் தெரிந்த பேத்தி நான் ஒருத்திதான். நான் பல்கலைக்கழகம் போனதும் அடுத்த படிவம் போடவில்லை, குழு நின்றுவிட்டது. அம்மம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இப்போதும் வியாழக்கிழமை வந்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

டரம் கடைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி லெஸ்டர், உங்கள் பதிவைக் கடையிலேயே வைத்து இரண்டு தடவை படித்தேன்.

ஒன்று செய்தேன். எந்தக் கவுன்சில் பகுதிக்கு எந்த நிதி போனது என்று யாரும் தேடிப் பார்க்க அரசின் தளம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயர் வரும் வரிகளை மட்டும் எடுத்து அச்சடித்து, லொத்தர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். முப்பது வருடத்துக்கு இரண்டு தாள்கூட நிரம்பவில்லை.

போன சனிக்கிழமை பெரியவர் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் விரல் நின்றது. பாண்ட் வாத்தியக் குழுவுக்குப் புது வாத்தியங்கள். "இது என் தம்பி வாசித்தது" என்றார். அப்புறம் என் பேனாவை வாங்கி, சுரங்கத் தொழிலாளர் மன்றத்துப் பெயரைத் தேடினார். இல்லை. தாளின் அடியில், வெள்ளையாக இருந்த இடத்தில், அந்தப் பெயரைத் தானே எழுதினார். பக்கத்தில் 'கூரை' என்று எழுதினார்.

மன்றத்துச் செயலாளர் செவ்வாய்க்கிழமை கடைக்கு வருகிறார். ஹாரோ அண்ணா சொன்ன விதிமுறை, கமிட்டி, கையெழுத்து எல்லாம் கேட்டுப் பார்க்க வேண்டும். செயலாளரும் பொருளாளரும் மச்சான் முறை என்று இப்போதுதான் தெரிந்தது, செல்வி. மணி ஏழாகிறது, வரிசை தொடங்கிவிட்டது. செவ்வாய்க்குப் பிறகு எழுதுகிறேன்.