விப்ராட்டோ போட்டால் ஆடு கத்துகிறது!

கேள்வி: தேவிபட்டினத்தில் இருக்கிறேன். மேற்கத்தியப் புல்லாங்குழல் பழகி ஒன்றரை வருடம். நீண்ட ஸ்வரத்தை அலைபோல அசைத்தால், அதாவது விப்ராட்டோ போட்டால், ஆடு கத்துகிறது என்கிறாள் தங்கை. கடற்கரையில்தான் பயிற்சி.

பதில்: தொண்டையை இறுக்குகிறீர்கள். முதலில் வீட்டுக்குள் போங்கள், கடற்காற்று ஊதுவாயில் அடித்தால் ஒலியே நிலைக்காது. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு முறை 'ஹூ ஹூ' என்று வயிற்றிலிருந்து காற்றைத் தள்ளுங்கள். நாக்கு வேண்டாம். அப்புறம் தட்டுக்கு 3, 4 முறை. துண்டு துண்டாகக் கேட்பது மெல்ல அலையாகச் சேரும். எனக்கு மூன்று மாதம் பிடித்தது, அதில் பாதி சோம்பல்.

பதில்: சாக்ஸபோனுக்கு இது பொருந்தாது, அங்கே தாடைதான் அசையும். நான் நாகஸ்வரம். எங்கள் கம்பிதம் என்ற கமகத்தை இதோடு குழப்பாதீர்கள், அது ராகம் கேட்கும் அசைவு.

கேட்டவர்: இரண்டு வருகிறது. மூன்றில் மறுபடி ஆடு.