புதுப்பிப்பு: ஷேவிங் மெஷின் சத்தத்துக்கு எந்த இயர்மஃப்? விடை கிடைத்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலை, தோலைச் சீவி மெல்லிசாக்கும் ஷேவிங் மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேர வேலை, கண்ணாடி வேறு போடுகிறேன், சத்தத்தைத் தடுக்கக் காதை மூடும் இயர்மஃப் எது வாங்கலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலர் சொன்னபடி என்ஆர்ஆர் (எத்தனை டெசிபல் சத்தம் குறையும் என்ற அளவு) 25 போட்டதை வாங்கினேன். மாட்டினால் இரைச்சல் அப்படியே. "கண்ணாடியைக் கழற்றிப் பாருங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். கழற்றினேன், சத்தம் சட்டென்று அமுங்கியது. தடித்த பிளாஸ்டிக் காம்பு குஷனைத் தூக்கி, காதுக்குப் பின்னால் சந்து விட்டிருக்கிறது. மெல்லிய கம்பி பிரேமுக்கு மாறினேன். இயர்மஃப் அதேதான்.

பெட்டியில் 25 என்று போட்டிருந்தாலும் சத்தம் அவ்வளவு குறையாது. 7 கழித்துப் பாதியாக்கச் சொன்னவர் கணக்குப்படி, நம்பக்கூடியது 9 டெசிபல்தான்.

எதிர்பாராதது வியர்வை. நம்ம ஊர் வெயில் தெரியுமே. கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தேன், மறுபடியும் சந்து! இப்போது டீ நேரத்தில் துடைத்துக்கொள்கிறேன். அப்புறம், பின்னால் கூப்பிட்டால் கேட்பதில்லை. மேஸ்திரி எதிரே வந்து கையாட்டுகிறார்.