மெகலோடானுக்குத் தமிழில் ‘பெரும்பல் சுறா’

நண்பர்களுக்கு வணக்கம்.

அழிந்துபோன மாபெரும் சுறாவான மெகலோடானுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை அரக்கச் சுறா, தொல்சுறா, மாபெருஞ்சுறா, திமிங்கிலகிலம் என நான்கு பெயர்கள் வந்திருக்கின்றன. நான் ஐந்தாவதாக ‘பெரும்பல் சுறா’ என்பதை முன்வைக்கிறேன். நாளை ஒரு பாடநூலில் ஏறக்கூடிய சொல் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தச் சுறாவின் முழு எலும்புக்கூடு எங்கும் கிடைத்ததில்லை. சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பு. இறந்ததும் பெரும்பாலும் மக்கிப்போகும். பல் மட்டும் தங்கும். ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது, விழ விழப் புதியது முளைக்கிறது. அதனால் நம் கையில் இருப்பவை பெரும்பாலும் பற்களும், கொஞ்சம் முள்ளெலும்புகளும்தான். பெல்ஜியத்தில் கிடைத்த ஒரு முள்ளெலும்புத் தொடர் அபூர்வமான விதிவிலக்கு. பற்களில் மிகப் பெரியவை ஏறத்தாழ 18 செ.மீ. நீளம். ஐரோப்பாவில் இத்தகைய பற்களைக் கல்லாகிப்போன நாக்குகள் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1666இல் பிடிபட்ட ஒரு சுறாவின் தலையை அறுத்துப் பார்த்த டென்மார்க் உடற்கூறியலாளர் நிக்கோலஸ் ஸ்டெனோ, அந்த ‘நாக்குக் கற்கள்’ சுறாப் பற்களே என்று வாதிட்டார். 19ஆம் நூற்றாண்டில் இயற்கையியலாளர் லூயி அகாசி மெகலோடான் என்று பெயர் வைத்தபோதும் அவர் முன் இருந்தது பல்தான். கிரேக்கத்தில் மெகலோடான் என்றால் பெரும்பல். அவர் பார்த்ததைச் சொன்னார், நாமும் அதையே சொல்லலாம்.

‘மாபெருஞ்சுறா’வில் எனக்குள்ள தயக்கம் இதுதான்: திமிங்கலச் சுறாவும் மாபெரும் சுறாவே, அது இன்றும் உயிரோடு இருக்கிறது. அப்புறம், மெகலோடானின் உடல் அளவு இன்னும் விவாதத்தில் இருக்கிறது. 1909இல் நியூயார்க்கில் மீனியல் ஆய்வாளர் பாஷ்ஃபோர்ட் டீன் அமைத்த தாடை மாதிரியை வைத்து உடல் நீளத்தை 30 மீட்டர் வரை நீட்டினார்கள். பிற்பாடு அது 15 முதல் 20 மீட்டருக்குள் இறங்கியது. 2025இல் வந்த ஆய்வு 24 மீட்டர் வரை இருந்திருக்கலாம் என்கிறது. உடலும் வெள்ளைச் சுறாபோல் தடித்ததல்ல, ஒல்லியானது என்கிறது. மீட்டர் கணக்கு மாறும். பல் அங்கேயேதான் இருக்கும்.

‘தொல்சுறா’ வேண்டாம். சுறா இனத்தின் வரலாறு 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. மெகலோடான் அழிந்து ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. அதைத் தொல்சுறா என்றால் அதற்கு முன் வந்தவற்றை என்னவென்று அழைப்பது? ‘அரக்கச் சுறா’வும் வேண்டாம். பனாமாவில் குட்டி மெகலோடான்களின் பற்கள் கூட்டமாகக் கிடைத்த இடத்தை ஆய்வாளர்கள் குட்டிகள் வளர்ந்த கடற்பகுதியாகக் கருதுகிறார்கள். சுற்றியுள்ள நீரைவிட உடலைச் சூடாக வைத்துக்கொள்ளும் திறன் அதற்கு இருந்தது என்று 2023இல் பல்லின் வேதியியலிலிருந்தே காட்டினார்கள். இப்படி ஒரு உயிரைப் பற்றி அறியவேண்டியது ஏராளமாக இருக்கும்போது, பெயரிலேயே பயமுறுத்த வேண்டாம்.

திமிங்கிலகிலம், சரி, இது என்னையும் கவர்ந்த சொல். திமிங்கிலத்தை விழுங்கும் மீன் என்று பழைய அகராதிகள் பொருள் சொல்கின்றன. மெகலோடான் பற்கள் பதிந்த திமிங்கல எலும்புப் புதைபடிவங்களும் கிடைத்திருக்கின்றன. ஆனால் மெகலோடான் வாழ்ந்த அதே மயோசீன் காலத்தில் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்), பெருவில் கிடைத்த லிவியாடன் என்ற பல்லுடைய திமிங்கலமும் மற்றத் திமிங்கலங்களை வேட்டையாடியதாகவே கருதப்படுகிறது. அப்போது திமிங்கிலகிலம் எது? தவிர, இந்தச் சொல்லைக் கேட்கும் மாணவருக்கு இது ஒரு சுறா என்ற செய்தியே போய்ச் சேராது. கட்டுரையின் தலைப்பாக வையுங்கள், மிக அழகாக இருக்கும். கலைச்சொல்லாக வேண்டாம்.

அறிவியல் பெயரின் முதற்பகுதியான பேரினப் பெயர் (genus) மாறிக்கொண்டே இருக்கிறதே, நம் சொல் எதைப் பின்பற்றுவது என்ற கேள்விக்கு வருகிறேன். இதை முதலில் வெள்ளைச் சுறாவின் பேரினமான கார்கரோடானில் வைத்தார்கள், பிறகு கார்கரோகிளீஸ், இப்போது பெரும்பாலோர் ஏற்பது ஓட்டோடஸ். பேரினம் இத்தனை முறை மாறியும் மெகலோடான் என்ற சிற்றினப் பெயர் அசையவில்லை. நம் சொல்லும் அந்த அசையாத பகுதியைப் பற்றிக்கொள்வது நல்லது. ஓட்டோடஸுக்குச் ‘செவிப்பல்’ என்ற நேர்ப்பொருளையே வைத்தால், ‘செவிப்பல் சுறாக் குடும்பத்தைச் சேர்ந்த பெரும்பல் சுறா’ என்று இயல்பாக எழுதலாம். மெகாமவுத் (megamouth) என்ற இன்னொரு சுறாவைப் ‘பெருவாய்ச் சுறா’ என்றால் அதனோடும் இது ஒத்துப்போகும்.

புணர்ச்சிப்படி ‘பெரும்பற்சுறா’ என்று வரவேண்டும் என்பது சரியே. கல்லும் சிலையும் கற்சிலை ஆவதுபோல. ஆனால் தேடுபவர் ‘பல்’ என்றே தேடுவார். முதன்முறை படிக்கும் பிள்ளைக்கும் பல் கண்ணில் படவேண்டும். ஆகவே பிரித்தே எழுதலாம் என்பது என் கருத்து. முதல் இடத்தில் மட்டும் ‘பெரும்பல் சுறா எனப்படும் மெகலோடான்’ என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

இன்னொரு சொல்லும் உடனே தேவைப்படுகிறது. செவிப்பல் சுறாக்களில் முந்தையவற்றுக்குப் பல்லின் இருபுறமும் சிறு முனைகள் இருந்தன; தலைமுறை தலைமுறையாக அவை சிறுத்து, வளர்ந்த மெகலோடானில் மறைந்தன. அவற்றுக்குப் ‘பக்கமுனை’ போதுமா, ‘துணைமுனை’ பொருத்தமா? எனக்கு முன்னது பிடிக்கிறது. பல்மருத்துவச் சொற்களில் பயிற்சி உள்ளவர்கள் சொல்லுங்கள்.