புது சிம்மில் வேறு யாருடைய கணக்கோ திறக்கிறது, என்ன செய்வது?

கரூர்_தறி

வணக்கம். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அம்மாவுக்கு ஒரு புது சிம் வாங்கினேன். ஆதார், கைரேகை எல்லாம் கொடுத்து முறையாக அவர் பெயரில் வாங்கியதுதான். சிம் போட்ட அன்று சாயங்காலமே ஒரு பெண்மணி கூப்பிட்டு "என்ன தம்பி, மூணு மாசச் சீட்டுப் பணம் நிக்குது, போனையும் எடுக்க மாட்டேங்கிற" என்று பிடித்துக்கொண்டார். அம்மா ராங் நம்பர் என்றால் நம்பவில்லை, பையன் ஆள் வைத்துப் பேசுகிறான் என்று நினைத்தார் போல. அப்புறம் ஏதோ வங்கியிலிருந்து மினிமம் பேலன்ஸ் இல்லை என்று எஸ்எம்எஸ், யாரோ பதிவு செய்த சிலிண்டருக்கு ஓடிபி, ஊர்த் திருவிழா வரி கேட்டு ஒருவர். இதெல்லாம் சகஜம்தான் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் விஷயம். பேரப்பிள்ளைகள் படம் பார்க்கட்டுமே என்று அம்மாவுக்கு ஒரு சமூக வலைத்தளத்தில் கணக்கு தொடங்க உட்கார்ந்தேன். எண்ணைப் போட்டதும் "இது நீங்களா?" என்று ஒரு பையனின் பெயரும் படமும் வந்தன. காதுகுத்துப் படம், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் வைத்திருக்கிறான். அவசரத்தில் ஏதோ ஒரு பட்டனை அழுத்த, கையிலிருந்த போனுக்கே ஓடிபி வர, அதைப் போட்டதும் நேராக உள்ளே போய்விட்டது. கடவுச்சொல்லும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. படிக்காத செய்திகள் பதினான்கு. எதையும் திறக்கவில்லை. மேலே இருந்த ஒன்று மட்டும் தானாகக் கண்ணில் பட்டது: "மாப்ள எங்கடா இருக்க".

வெளியே வந்துவிட்டேன். ஆனால் மனசு சரியில்லை. யாரோ வீட்டுக் கதவு தள்ளினதும் திறந்துகொண்ட மாதிரி இருக்கிறது. நான் செய்தது தப்பா? அந்தப் பையனுக்கு எப்படித் தெரியப்படுத்துவது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இப்போதுதான் வந்திருக்கிறது. அம்மாவின் பழைய நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் ஒன்றரை வருடம் போட்டுவிட்டோம். அது இப்போது யார் கையில் இருக்கும்?

அதிரடி_ஆறுமுகம்

உடனே சிம்மை உடைத்துப் போடுங்கள். அடுத்தவன் கணக்கில் நுழைந்தால் சைபர் கிரைம், மூணு வருஷம் உள்ளே. போலீஸ் வீட்டுக்கு வந்தால் அம்மாவைத்தான் கேட்பார்கள், சிம் அவர் பெயரில்தானே.

செல்கடை_திண்டுக்கல்

ஆறுமுகம் சார், சிம்மை உடைத்தால் அந்த நம்பர் கொஞ்ச நாளில் இன்னொருத்தர் கைக்குப் போகும். இவராவது நல்லவர், அடுத்து வருபவர் யாரோ.

பதினோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், இந்தப் பஞ்சாயத்து மாதத்துக்கு ஒன்றாவது வரும். நம்பர் என்ன மரத்திலா காய்க்கிறது? சுற்றிச் சுற்றி அதே நம்பர்கள்தான். 90 நாள் ஒரு உபயோகமும் இல்லாமல் கிடந்தால் கம்பெனி இணைப்பைத் துண்டிக்கலாம். பிரீபெய்டில் பேலன்ஸ் 20 ரூபாயாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் விடுவார்கள். பேலன்ஸ் தீர்ந்தால் போச்சு. அப்புறம் ஒரு 90 நாள் யாருக்கும் தராமல் ஆறப்போட்டுவிட்டு மறுபடி விற்பனைக்கு அனுப்புவார்கள். கவரைப் பிரித்து உங்கள் கையில் கொடுக்கும் சிம் அட்டைதான் புதுசு, நம்பர் புதுசா பழசா என்று எனக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, கொடுப்பதற்கு முன்னால் அந்த நம்பரை என் போனில் சேமித்து வாட்ஸ்அப்பில் டிபி வருகிறதா என்று பார்ப்பது. கல்யாண மாலையோடு யாராவது நின்றால் வேறு நம்பர் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அதுவும் முழுசாக நம்ப முடியாது, டிபி போய்விட்டாலும் மற்ற கணக்குகள் அப்படியே இருக்கும்.

நம்பரை இப்படித் தொலைப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாடு போனவர்கள். துபாயோ மலேசியாவோ போய் இறங்கியதும் அங்கத்து சிம், இங்கத்து சிம் பர்ஸில். ரீசார்ஜ் யார் செய்வது? அந்தக் கணக்குக்காரப் பையனும் அப்படித்தான் போயிருப்பான் என்று நினைக்கிறேன், மூணு மாசம் சீட்டு நிற்கிறது என்கிறீர்களே.

மதுரை_கறுப்புக்கோட்டு

முதலில் கேஸ் விஷயம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவைத்தான் ஆறுமுகம் சொல்கிறார். அடுத்தவர் கடவுச்சொல்லையோ தனி அடையாளத்தையோ மோசடியாக அல்லது நேர்மையில்லாமல் பயன்படுத்தினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். "நேர்மையில்லாமல்" என்பதுதான் அதில் உயிர். தெரியாமல் நுழைந்து, தெரிந்ததும் வெளியே வந்தவருக்கு அது பொருந்தாது. ஆனால் தெரிந்த பிறகு இரண்டாவது முறை போகாதீர்கள். அவனுக்குத் தகவல் சொல்லத்தான் போனேன் என்று அப்புறம் சொன்னால் எடுபடுமா என்பது வேறு கதை.

இந்தப் பழைய நம்பர் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2023 நவம்பரில், துண்டித்த எண்ணை 90 நாளுக்குள் வேறு யாருக்கும் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னதைப் பதிவு செய்துகொண்டு, பழைய தகவல்களை அழித்துக்கொள்வது சந்தாதாரர் பாடு என்கிற மாதிரி மனுவை முடித்துவிட்டார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. நம்பர் போனதே தெரியாதவர் எப்படிப் போய் அழிப்பார்? ஆனால் நிலைமை இதுதான்.

"என் டேட்டா எனக்குச் சொந்தம்" என்று எல்லாரும் சொல்கிறோம். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள், சரி. அப்புறம் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதை உட்கார்ந்து படித்துப் பாருங்கள், உரிமை என்று இருக்கிறது, உடைமை என்று எங்கும் இல்லை. திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், நாம் இறந்தால் நமக்குப் பதில் கேட்க ஒருவரை நியமிக்கலாம். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு நம் தரவை எடுத்துப்போகும் உரிமை 2019 மசோதாவில் இருந்தது, சட்டமாக வந்தபோது காணோம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்கள் மேல் விழும் முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் வேறு. நம்பரோ அதுகூட இல்லை. மாத வாடகை கட்டும் வரை நம் பெயர் வாசலில் இருக்கும், அவ்வளவுதான்.

பிட்டுக்கு_மண்

வக்கீல் சொன்ன வாடகை வீட்டில் இன்னும் ஒரு கோளாறு இருக்கிறது: காலி செய்துவிட்டுப் போகிறவர் பூட்டை மாற்றுவதில்லை, புதிதாக வருபவருக்கு அதே சாவி.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2021இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு பெரிய கம்பெனிகள் புது வாடிக்கையாளருக்குத் தரத் தயாராக வைத்திருந்த எண்களில் 259ஐ எடுத்துப் பார்த்ததில் 171 எண்கள் ஏற்கெனவே பிரபலமான தளங்களில் யாருடைய கணக்கோடோ இணைந்திருந்தன. மூன்றில் இரண்டு! கரூர் நண்பருக்கு நடந்தது விபத்தே இல்லை, நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வாட்ஸ்அப் தன் பங்குக்கு ஒரு வழி வைத்திருக்கிறது: 45 நாள் சும்மா கிடந்த எண் வேறொரு போனில் திறக்கப்பட்டால் பழைய படத்தையும் விவரத்தையும் எடுத்துவிடும். எல்லாத் தளமும் அப்படி இல்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இந்த நம்பரை நாமாகவா கொண்டுபோய்க் கொடுத்தோம்? "பாதுகாப்புக்காக உங்கள் எண்ணைச் சேருங்கள்" என்று தினமும் வாசலில் நின்று கேட்டார்கள். அப்படிப் பாதுகாப்புக்கென்று வாங்கிய எண்களை விளம்பரம் காட்டப் பயன்படுத்தியதற்கு 2022இல் ட்விட்டர் அமெரிக்க அரசுக்கு 15 கோடி டாலர் கட்டியது. ஃபேஸ்புக்கிலிருந்து 53 கோடிப் பேருக்கு மேல் எண்ணும் பெயரும் சுரண்டப்பட்டு 2021இல் இலவசமாக இணையத்தில் கிடந்தன, அதற்கு அயர்லாந்தில் 26.5 கோடி யூரோ அபராதம். அபராதம் அரசாங்கத்துக்குப் போனது, நம் நம்பர் போன இடத்திலிருந்து திரும்பி வரவில்லை.

அம்மாவின் பழைய நம்பருக்கு வருகிறேன். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நாளைக்கே வங்கிக்கிளைக்குப் போய் எண்ணை மாற்றுங்கள், அதுதான் முதல் வேலை. நிரந்தரமாகத் துண்டித்த எண்களின் பட்டியலைப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லி ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது, ஆனால் அவர்கள் பார்ப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அப்புறம் ஆதார், ரேஷன் கார்டு, காஸ். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அம்மா பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்த்துவிடுங்கள். உங்கள் சொந்தக் கணக்குகளில் எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பாமல் ஒரு ஈமெயிலும், குறியீடு தரும் ஆப் ஒன்றும் சேர்த்துவையுங்கள். நான் படங்களையும் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிடுவேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஜூரோங்_வாசி

நான் அந்தப் பையன் இடத்தில் இருந்தவன். சிங்கப்பூர் வந்து இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போனால் என் நம்பர் திருப்பூரில் ஒருத்தரிடம். என் சித்தி அத்தனை நாளும் அவருக்குத்தான் குட் மார்னிங் அனுப்பியிருக்கிறார், ரோஜாப்பூ, பிள்ளையார், எல்லாம். "நீதான் பதிலே போட மாட்டேங்கிறியே" என்று எனக்குத் திட்டு. அந்தத் திருப்பூர்க்காரர் பாவம், பொங்கலுக்கு மட்டும் "உங்களுக்கும்" என்று போட்டிருக்கிறார். பழைய மெயில் கணக்கு ஒன்று அந்த நம்பரை நம்பித்தான் இருந்தது, இன்று வரை திறக்க முடியவில்லை. என் கல்லூரிப் படங்கள் முழுக்க அதில்தான்.

தறி அண்ணே, அந்தப் பையன் கணக்கை எப்படியாவது அவனிடம் சேர்த்துவிடுங்கள்.

கரூர்_தறி

எல்லாருக்கும் நன்றி. வங்கி வேலை முடிந்தது. பழைய நம்பர் கணக்கில் அப்படியே இருந்தது, நல்லவேளை பணம் எதுவும் போகவில்லை.

இப்போது புதுச் சிக்கல். நேற்று மலேசிய எண்ணிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். "அண்ணே, அது என் நம்பர், இப்ப ஒரு ஓடிபி வரும், சொன்னீங்கன்னா என் அக்கவுண்ட்டை எடுத்துப்பேன்" என்கிறான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்ததே நான்தான். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவன்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? காதுகுத்துப் படத்தைப் பற்றி ஏதாவது கேட்டுப் பார்க்கலாமா, குழந்தை யார் மடியில் இருக்கிறது என்று?

செல்கடை_திண்டுக்கல்

மாமா மடியில் என்பான். தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். அதுவும் டிபியாகவே வைத்திருக்கிறான், ஊரே பார்க்கும் படம். வேறு ஏதாவது யோசியுங்கள்.

பிட்டுக்கு_மண்

தளத்துக்காரர்களிடமே அடையாள அட்டையைக் கொடுத்து மீட்கச் சொல்லுங்கள், கொஞ்ச நாள் ஆனாலும் அதுதான் சுத்தமான வழி. முன்பின் தெரியாதவனுக்கு ஓடிபி சொல்வது சரியில்லை, அவன் எவ்வளவு நல்லவனாகப் பேசினாலும்.

கரூர்_தறி

முடிந்துவிட்டது. மண் அண்ணன் சொன்னபடி செய்யவில்லை, மன்னிக்கவும்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னால் "மணப்பாறைப் பையனா, அவன் மலேசியாவில ஓட்டல் வேலைக்குப் போய் ஒரு வருசமாச்சே" என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த சிலிண்டர் ஓடிபி நினைவிருக்கிறதா? வண்டிக்காரர் வாசலில் நிற்கும்போது அந்தப் பையனின் தங்கை இந்த நம்பருக்குக் கூப்பிட்டு "அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கேட்டிருக்கிறாள், இவரும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஓடிபியேதான். நான் எடுத்த பாடம் அந்த லட்சணம். அன்றிலிருந்து இரண்டு பேரும் பழக்கம், அந்தக் குழந்தையின் பெயர், காது குத்திய கோயில், அவர்கள் வீட்டு ஆடு குட்டி போட்டது வரை அம்மாவுக்குத் தெரியும்.

தங்கையை அவள் நம்பரிலேயே நாங்கள் கூப்பிட்டு, அவள் அண்ணனைக் கான்ஃபரன்சில் சேர்த்து, அம்மா அவனிடம் கொஞ்ச நேரம் ஆட்டைப் பற்றிப் பேசிவிட்டு, அப்புறம்தான் ஓடிபியைச் சொன்னார். அவன் உள்ளே போனதும் ஈமெயிலைச் சேர்த்து, இந்த நம்பரை எடுத்துவிட்டான். வங்கியிலும் காஸிலும் மாற்ற அவன் ஊருக்கு வர வேண்டும், அதுவரை சிலிண்டருக்கு அம்மாதான்.

சீட்டுக்காரம்மா இன்னும் கூப்பிடுகிறார். இப்போது அம்மாவே அவரிடம் ஒரு சீட்டு சேர்ந்துவிட்டார்.

செல்கடை_திண்டுக்கல்

எத்தனை ரூபாய்ச் சீட்டு?