ஃபோர்ட் கொச்சியில் கப்பல் பாணி ஹோட்டல்: தங்கியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். தருமபுரியில் எர்ணாகுளம் இன்டர்சிட்டி பிடித்து, அங்கிருந்து வாட்டர் மெட்ரோ படகில் ஃபோர்ட் கொச்சி போவதாகத் திட்டம். 1524-இல் வாஸ்கோடகாமாவை முதலில் அடக்கம் செய்த தேவாலயம், சீன மீன்பிடி வலைகள் எல்லாம் நடந்தே பார்க்கலாமே என்று அந்தப் பழைய பகுதியிலேயே அறை தேடுகிறேன். கப்பல் போல அலங்கரித்த சின்ன ஹோட்டல் ஒன்று கண்ணில் பட்டது. வட்டச் சன்னல், கயிற்றுக் கைப்பிடி, சுவரில் சுக்கான். கடலே இல்லாத ஊர்க்காரர்கள் நாங்கள், பிள்ளைகள் இப்போதே குதிக்கிறார்கள்.

எனக்குக் கவலை அம்மாவின் முழங்கால்தான். படத்தில் தெரியும் மரப்படி ரொம்பச் செங்குத்து. இப்படிப்பட்ட பழைய கட்டடங்களில் கேட்டால் தரைத்தள அறை தருவார்களா? அந்தச் சன்னல் திறக்குமா, வெறும் அலங்காரமா? அப்புறம், ஜூன் மழையில் அறைக்குள் ஈரவாடை அடிக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.