மருத்துவக் காரணம் இல்லாமல் வலியைத் தூண்ட 39 வாரம் வரை காத்திருக்கச் சொல்வது ஏன்?

கேள்வி:
இது எனக்கு முதல் பிரசவம். இப்போது 38 வாரமும் இரண்டு நாளும் ஆகின்றன. இரத்த அழுத்தம், சர்க்கரை எதிலும் குறையில்லை. கணவர் விரைவில் வெளியூர் செல்ல வேண்டியிருப்பதால் இந்த வாரமே மருந்து வைத்து வலியை வரவழைக்க முடியுமா என்று கேட்டோம். தக்க காரணமின்றி 39 வாரம் நிறைவதற்கு முன் நாள் குறிப்பதில்லை என்று மருத்துவமனையில் மறுத்துவிட்டார்கள். 37 வாரம் ஆனாலே நிறைமாதம் என்றல்லவா சொல்வார்கள்?

பதில் 1:
பிரசவ அறையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். அந்தக் கணக்கு மாறிவிட்டது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2013-இல் 37, 38-ஆம் வாரங்களைத் தனியாகப் பிரித்து, 39 வாரம் நிறைந்த பிறகே முழு நிறைமாதம் என்று வரையறுத்தது. அதற்கு முன் பிறக்கும் குழந்தைகளில் மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, பால் குடிப்பதில் சிரமம் ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன. தேதியிலும் கவனம் வேண்டும்: கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் இரண்டு மூன்று வாரம்கூடப் பிசகலாம் என்பதால், முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்த ஸ்கேனையே நம்ப வேண்டும்.

பதில் 2:
39 வாரம் நிறைந்தபின் நீங்கள் கேட்பதில் தவறேதும் இல்லை. முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த, சிக்கலற்ற ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான 'அரைவ்' ஆய்வில், 39-ஆம் வாரத்தில் வலி தூண்டப்பட்டவர்களில் 18.6 சதவீதத்தினருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதத்தினருக்கும் சிசேரியன் ஆனது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் சிக்கலற்ற கர்ப்பத்தில் 41 வாரத்துக்கு முன் தூண்டுவதைப் பரிந்துரைப்பதில்லை. எனவே மருத்துவமனைக்கு மருத்துவமனை விதி வேறுபடுகிறது. குறித்த நாளில் அவசரப் பிரசவங்கள் வந்து படுக்கை நிரம்பிவிட்டால், உங்கள் முறை தள்ளிப்போகவும் கூடும்.

பதில் 3:
நாள் கிடைப்பதைவிட, கருப்பை வாய் கனிந்திருக்கிறதா, அதாவது மென்மையாகித் திறக்கத் தயாராக இருக்கிறதா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எனக்குக் கனியாததால் மாலையில், கருப்பை வாயை மெல்ல விரிக்கும் சிறு பலூன் ஒன்றை உள்ளே வைத்தார்கள். மறுநாள் காலை அது தானாக நழுவி விழுந்தபோது கருப்பை வாய் மூன்று சென்டிமீட்டர் திறந்திருந்தது, அதன் பிறகே வலியைத் தூண்டும் ஆக்ஸிடாசின் மருந்தை ட்ரிப்ஸில் ஏற்றினார்கள். தாயும் சேயும் நலமாக இருந்தால், பனிக்குடம் உடைந்து ட்ரிப்ஸ் ஏறத் தொடங்கியபின் குறைந்தது 12 முதல் 18 மணி நேரமாவது பொறுத்த பிறகே தூண்டுதல் பலிக்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டும் என்கின்றன வழிகாட்டுதல்கள். உங்கள் மருத்துவமனையில் எவ்வளவு நேரம் பொறுப்பார்கள் என்று அவசியம் கேளுங்கள், சகோதரி.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஒன்பதாம் வாரத்தில் எடுத்த ஸ்கேனும் இதே தேதியைத்தான் காட்டுகிறது. அடுத்த பரிசோதனையில் கருப்பை வாயின் நிலையையும், பொறுக்கும் நேரத்தையும் கேட்ட பிறகே நாள் குறிக்கச் சொல்லப்போகிறேன்.